பொட்டு வைத்த விமானம்

தச்சநல்லூரில் லாரி உதிரிபாகக் கடை வைத்துப் பிழைப்பவன் நான். எதையும் லேசில் நம்பமாட்டேன். தர்பூசணியைத் தட்டிப் பார்ப்பேன். தட்டியதையும் நம்பாமல் அறுத்துக் காட்டச் சொல்வேன். கேஸ் சிலிண்டர் கொண்டு வருகிறவன் எல்லா வீட்டிலும் சிலிண்டரை வைத்துவிட்டுப் போவான், என் வீட்டுக்கு மட்டும் தராசோடு வருவான். "எல்லாத்துலயும் ஒரு சந்தேகம், சீ, என்ன மனுசன்" என்று என் வீட்டுக்காரி தலையில் அடித்துக்கொள்வாள். அடித்துக்கொள்ளட்டும். சந்தேகப்பட்டு நான் ஏமாந்ததே இல்லை. நம்பி ஏமாந்தது ஒரே ஒரு தடவை. அதைத்தான் சொல்ல வந்தேன்.

இந்தப் புத்தி எனக்குக் கடையில் உட்கார்ந்து உட்கார்ந்து வந்தது. லாரிக்காரர்களுக்கு எஃப்.சி. என்று ஒன்று உண்டு. வண்டி ரோட்டில் ஓட லாயக்கானதுதான் என்று அதிகாரியிடம் காட்டிச் சான்று வாங்க வேண்டும். காட்டுகிற நாளுக்கு முந்தின நாள் என் கடைவாசல் அமளிதுமளிப்படும். வழுக்கையாகிப்போன டயர்களைக் கழற்றிப் போட்டுவிட்டு, இன்னொருத்தர் வண்டியிலிருந்து நல்ல டயர்களை இரவல் வாங்கி மாட்டுவார்கள். சான்று கைக்கு வந்ததும் நல்ல டயர் அடுத்த வண்டிக்குப் போய்விடும். வழுக்கை டயர் பழையபடி ஏறிக்கொள்ளும். தீயணைக்கிற சிவப்புச் சிலிண்டர் ஒன்றும் எங்கள் ரோட்டில் சுற்றிக்கொண்டிருந்தது. அடிப்பக்கம் பெயின்ட் உதிர்ந்து ஒரு அடையாளம் இருக்கும், எங்கே பார்த்தாலும் கண்டுபிடித்துவிடுவேன். அந்த ஒரே சிலிண்டர் எத்தனை லாரிக்குச் சான்று வாங்கிக் கொடுத்ததோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம். அது ஒரு பீடி நெருப்பையாவது அணைத்து நான் பார்த்ததில்லை.

இப்படிப்பட்டவன் வீட்டில் பிறந்த ஒரே மகள், விமானத்தைப் பழுதுபார்க்கிற படிப்புத்தான் படிப்பேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். டீச்சர் வேலைக்குப் போகச் சொல்லி அவள் அம்மா கெஞ்சிப் பார்த்தாள். கேட்கவில்லை. படித்தாள், ஊர் ஊராகப் போய்ப் பரீட்சை எழுதினாள், லைசென்ஸ் வாங்கினாள். கடைசியில் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்தில் போய்விடக்கூடிய எங்கள் பக்கத்துச் சின்ன விமான நிலையத்திலேயே ஒரு கம்பெனியில் வேலையும் கிடைத்தது. சென்னையிலிருந்து இறக்கையில் காத்தாடி வைத்த சின்ன விமானம் வரும், போகும். வந்து நிற்கிற விமானத்தைச் சுற்றிப் பார்த்து, பறக்கலாம் என்று கையெழுத்துப் போட்டு அனுப்புவது இவள் பொறுப்பு. பச்சை ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு அவள் வேலைக்குக் கிளம்பும்போது அவள் முகத்தில் இருக்கிற களையைப் பார்க்க வேண்டும். அந்த வேலைதான் அவளுக்கு உயிர். அது எங்கள் தெருவுக்கே தெரியும்.

எனக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் வாய் சும்மா இருக்குமா?

"எங்க எஃப்.சி. வருசத்துக்கு ஒரு தடவ இல்லப்பா. ஒவ்வொரு தடவ பறக்கதுக்கு முந்தியும் உண்டு" என்றாள் ஒரு நாள் சாப்பிடும்போது, பெருமையாக.

"அதப் பாக்கது யாரு?"

"நான்தான்."

"ஒன்னையப் பாக்கது யாரு?"

"மேல இருந்து ஒருத்தர் வருவாவ. எல்லாம் சரியா இருக்கான்னு பாத்துட்டுப் போவாவ."

"வரப்போறாவன்னு முன்கூட்டியே தெரியுமா?"

"தெரியும்."

"அப்பம் டயர மாத்திருவிய."

சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டாள். நான் விடவில்லை. ரெண்டு நாள் கழித்து அவளே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "டயரெல்லாம் இல்லப்பா" என்று தொடங்கினாள். டயரில்லை. சோதிக்கிற கருவி ஒன்று எங்கள் நிலையத்தில் இருக்க வேண்டும், இல்லை. பார்க்க வருகிறவர் வருகிற நாளன்று அது வேறொரு ஊரிலிருந்து விமானத்திலேயே வந்து இறங்கும். அவர் பார்த்து டிக் அடித்துவிட்டுப் போனதும் அடுத்த விமானத்தில் ஊருக்குத் திரும்பிவிடும்.

"அடியில பெயின்ட் உதிர்ந்திருக்கா?" என்று கேட்டேன்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. எளவு, தரையில் ஓடுகிற லாரி நின்றுபோனால் ஓரங்கட்டலாம். ஆகாசத்தில் எங்கே ஓரங்கட்ட?

அதற்கப்புறம் கொஞ்ச நாளில் அவளோடு வேலை பார்த்த இன்னொரு இஞ்சினியரை வேறு ஊருக்கு எடுத்துக்கொண்டார்கள். சின்ன ஊருக்கு ஒரு ஆள் போதுமாம். முன்பு ஒருத்தர் பார்த்ததை இன்னொருத்தர் மறுபடி ஒரு தடவை பார்ப்பார். இப்போது இவள் பார்த்ததை இவளே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். "அதெல்லாம் ஒண்ணுமில்லப்பா, சமாளிச்சிரலாம்" என்றாள். சமாளிக்கிற சோலியா அது?

அந்த வருஷம் சரஸ்வதி பூஜைக்கு மறுநாள் சென்னையில் என் தங்கை மகனுக்கு நிச்சயதார்த்தம். வீட்டுக்காரி நாலு நாள் முந்தியே ரயிலில் போய்விட்டாள். எனக்குக் கடையில் ஆயுத பூஜை போட வேண்டும், போட்டுவிட்டுத்தான் கிளம்ப முடியும். விடுமுறைக் கூட்டத்தில் ரயிலிலும் இடமில்லை, பஸ்ஸிலும் இடமில்லை. மகள்தான் விமானத்தில் டிக்கெட் போட்டாள். "நான் கையெழுத்துப் போட்டு அனுப்புத வண்டி. பயப்படாம ஏறுங்க" என்றாள். எனக்கு அதுதான் முதல் தடவை.

பூஜையன்று காலையில் வேலைக்குப் போகுமுன் கடைக்கு வந்து அவளும் கூடமாட நின்றாள். ஜாக்கி, ஸ்பேனர், சம்மட்டி என்று எல்லாவற்றையும் துடைத்து வைத்து, சந்தனம் கரைத்துக் குங்குமம் வைத்தது அவள்தான். காற்று பிடிக்கிற மெஷினில் அழுத்தம் காட்டுகிற மீட்டர் ஒன்று இருக்கும். அதன் கண்ணாடி வட்டமாகப் பொட்டு வைக்கத் தோதாக இருப்பதால் எல்லா வருஷமும் நான் அதன் நடுவில்தான் வைப்பேன். அன்றும் விரலைக் கொண்டுபோனேன். "எப்பா, கண்ணாடியில வைக்காதிய. முள்ளு மறைஞ்சிரும்" என்று கையைப் பிடித்து விளிம்பில் வைக்கச் சொன்னாள். வைத்தேன். பொரி, சுண்டல் சாப்பிட்டுவிட்டு அவள் வேலைக்குப் போனாள்.

மத்தியானம் விமான நிலையம் போனேன். சென்னையிலிருந்து வர வேண்டிய விமானம் தாமதம். வந்ததும் ஓட்டமும் பிடியுமாக எங்களைக் கிளப்பினார்கள். வெயிலில் வரிசையாக நடந்தே போய் ஏற வேண்டும். என் கண் முதலில் டயருக்குத்தான் போனது. வரி வரியாகப் பள்ளம் நன்றாகவே இருந்தது. இரவல் டயரோ என்னவோ என்று மனசு சொன்னது. மகள் அந்தப் பக்கம் இறக்கைக்குக் கீழே டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் இன்னும் பார்த்தே முடிக்கவில்லை, அதற்குள் எங்களை ஏற்றுகிறார்களே, இது என்ன நியாயம் என்று எனக்குச் சுருக்கென்றது.

அப்போதுதான் அதைப் பார்த்தேன். விமானத்தின் மூக்குக்குக் கொஞ்சம் பின்னால், ஆள் உயரத்தில், வட்டமாக ஒரு சின்னத் தகடு. அதன் நடுவில் சந்தனப் பொட்டு, அதன் மேல் குங்குமம்.

சொன்னால் நம்பமாட்டீர்கள், எனக்கு அப்படியே நெஞ்சு குளிர்ந்துவிட்டது. அடடா, பூஜை போட்டிருக்கிறார்கள்! சாமிக்குப் பயந்தவர்கள் கையில்தான் வண்டி இருக்கிறது! பொட்டு கொஞ்சம் கலைந்து பின்பக்கமாக இழுத்திருந்தது. சரி, அவசரத்தில் வைத்திருப்பான் என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக்காரிக்கு அனுப்பலாம் என்று போனை எடுத்துப் பெரிதாக்கி ஒரு படம் பிடித்தேன். உடனே காவலுக்கு நின்றவர் விசில் ஊதினார். "இங்கன போட்டோ எடுக்கக் கூடாது அண்ணாச்சி! உள்ள வைங்க!" வைத்துவிட்டேன். விமானத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஏறி உட்கார்ந்தேன்.

உட்கார்ந்தவன் உட்கார்ந்தபடியே இருந்தேன். விமானம் நகரவில்லை. உள்ளே புழுங்கிச் செத்தோம். ஜன்னல் வழியாகப் பார்த்தால் மகள் மூக்குப் பக்கம் நின்று பைலட்டிடம் கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் தொழில்நுட்பக் காரணம் என்று சொல்லி எல்லாரையும் இறக்கிவிட்டார்கள். அப்புறம் விமானமே இன்றைக்குப் போகாது என்றார்கள். கூட்டம் கத்தியது. வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் எனக்குப் பக்கத்தில் நின்று விளக்கம் கொடுத்துக்கொண்டிருந்தார். "யாரோ ஒரு பொம்பளயாம் வே. பொட்டு வச்சிருக்குன்னு வண்டிய நிப்பாட்டிட்டாளாம். கோட்டி பிடிச்ச மூதி!"

"அந்த மூதி எம் மகதான். சொல்லும், என்ன சொல்லணும்?" என்று முன்னால் போய் நின்றேன். மனுசன் வாயை மூடிக்கொண்டு தண்ணீர் குடிக்கப் போய்விட்டார். வீராப்பாக நின்றேனே தவிர, எனக்கும் ஒன்றும் புரியவில்லை. பொட்டு வைத்தால் என்ன?

வேலை முடிந்து வெளியே வந்தவள் முகம் வெளுத்துக் கிடந்தது. காரில் திரும்பும்போதுதான் சொன்னாள். அந்தத் தகட்டில் ஊசி நுழைகிற மாதிரி சின்னச் சின்ன ஓட்டைகள் உண்டு. வெளிக்காற்றின் அழுத்தத்தை அந்த ஓட்டைகள் வழியாகத்தான் விமானம் தெரிந்துகொள்கிறது. எவ்வளவு உயரத்தில் போகிறோம், எவ்வளவு வேகத்தில் போகிறோம் என்பதெல்லாம் அதை வைத்துத்தான். அதைச் சுற்றிக் கோடு போட்டு, அடைக்காதே என்று எழுதியே வைத்திருக்கிறார்களாம்.

"அந்த ஓட்டையிலதான் சந்தனம் காஞ்சு அடைச்சுக் கிடந்துச்சுப்பா. மேல துடைச்சுட்டேன், உள்ள சரியாயிட்டான்னு பாக்கதுக்குக் கருவி நம்ம ஊர்ல இல்லல்லா. அப்படியே பறந்தா, கீழ இறங்கிட்டு இருக்கையில இன்னும் மேலயே இருக்கோம்னு காட்டிரும். இதே மாதிரி அந்தப் பக்கம் ஒண்ணு இருக்கு. ரெண்டும் ஒத்துப்போகலன்னா பைலட்டுக்குச் சந்தேகம் வரணும்."

"வரலியா?"

"வந்திருக்கு. வரும்போது ரெண்டு பக்கமும் காட்டுத உயரம் கொஞ்சம் ஒத்துப்போகலன்னு வாய்வார்த்தையாச் சொன்னாரு. எழுதல. எழுதுனா வண்டி இங்கயே நின்னுரும்லா?"

ஊரில் உள்ள தர்பூசணியையெல்லாம் அறுத்துப் பார்த்தவன், உயிருக்கு உலை வைக்கிற பொட்டைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு ஏறியிருக்கிறேன். என்னைச் செருப்பால் அடித்தாலும் தகும்.

மறுநாளே வாட்ஸ்அப்பில் கிளம்பிவிட்டது. சாமி பொட்டு வைத்ததற்காக விமானத்தை நிறுத்திய பெண் அதிகாரி என்று எவனோ எழுதிவிட்டான். சொந்தக்காரர் ஒருவர் போன் பண்ணி, "என்ன அண்ணாச்சி, ஒங்க மக நம்ம சாமிக்கே விரோதமாயிட்டாளாமே?" என்றார். என் கடையில் அத்தனை ஸ்பேனருக்கும் பொட்டு வைத்தவள் அவள்தான் என்று நான் யார் யாருக்கு விளக்கிக்கொண்டிருக்க? போனை வைடா என்று வைத்தேன். தங்கை வேறு நிச்சயத்துக்கு வராத கோபத்தில் பேசாமல் இருந்தாள்.

கம்பெனித் தலைமையிடத்திலிருந்து ஒரு மேலாளர் வந்தார். மகளை உட்கார வைத்து, தேன் ஒழுகப் பேசினாராம். நீங்கள் நிறுத்தியது ரொம்பச் சரி, பாராட்டுகிறோம். ஆனால் இந்தப் பொட்டை இந்த ஊரில் பெட்டி ஏற்றுகிற ஆட்கள் வைத்தார்கள் என்று எழுதிக் கொடுங்கள். அவர்கள் கான்ட்ராக்ட் ஆட்கள்தானே, மாற்றிவிடலாம். விஷயம் இதோடு முடிந்துவிடும்.

"நீ என்ன சொன்ன?" என்றேன்.

"அவுக வச்சத நான் பாக்கலன்னு சொன்னேன். பொட்டு பின்பக்கமா இழுத்திருந்துச்சு, சென்னையில இருந்து வரும்போதே இருந்திருக்கும்னு சொன்னேன். நீங்க துடைக்கையில இழுத்திருக்கும்னுட்டாரு. என்கிட்ட போட்டோ இல்ல. வேலை நேரத்துல நாங்க அங்கன போன் வச்சுக்கிடக் கூடாது."

அதற்கு மேல் சொல்ல எனக்கு யாரும் தேவையில்லை. கடையில் உட்கார்ந்து பார்த்த சங்கதிதானே. பொட்டு இங்கே வைத்தது என்றால் லோடு ஏற்றுகிற நாலு பேரோடு போய்விடும். சென்னையிலிருந்து வந்தது என்றால் கிளம்புமுன் அங்கே சுற்றிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டவர், ஏறுமுன் ஒரு சுற்று பார்க்க வேண்டிய பைலட், அவர்களுக்கு மேலே உள்ளவர் என்று வரிசையாகக் கேட்க வேண்டியிருக்கும். பார்க்காமலேயே பார்த்தேன் என்று எழுதியது வெளியே வந்துவிடும். இத்தனை பேரையும் காப்பாற்ற ஏமாந்த சோணகிரி ஒருத்தன் வேண்டும். கையெழுத்துப் போட இவள் வேண்டும்.

யோசித்துச் சொல்லுங்கள் என்று இரண்டொரு நாள் தவணை கொடுத்துவிட்டுப் போயிருந்தார் மேலாளர். அந்த இடைவெளியில் லோடு ஆட்களில் ஒருத்தர் எங்கள் வீட்டைத் தேடி வந்தார். சாத்தான்குளத்துக்காரர், நடுத்தர வயசு. உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

"அண்ணாச்சி, நாங்க பெட்டி இழுக்க டிராக்டருக்குத்தான் பொட்டு வச்சோம். விமானத்து மேல கைய வைப்போமா? எங்களை நாளையில இருந்து வரவேண்டாம்னு சொல்லுதாவ. ஒங்க மக ஒரு வார்த்த சொன்னாப் போதும்."

"அவ சொல்லத்தான் செய்யுதா. எவன் கேக்கான்?"

"பொட்டு எப்படி இருந்துச்சுன்னு கூட நாங்க பாக்கலயே அண்ணாச்சி. பாத்தவுக யாராவது இருந்தா நல்லாருக்கும்."

பொறி தட்டியது. பார்த்தவன் நான் இருக்கிறேனே! விசில் சத்தத்தில் உள்ளே போட்ட போன். அந்தப் படத்தை யாருக்கும் அனுப்பவேயில்லை. இத்தனை களேபரத்தில் அது நினைவிலேயே இல்லை. எடுத்துக் கொண்டுபோய் மகளிடம் கொடுத்தேன். பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். சந்தனத்திலிருந்து குங்குமம் நூல் பிடித்தது போல நேராகப் பின்பக்கம் ஓடியிருந்தது. துடைத்த கை என்றால் அப்பி இருக்கும்.

"ஈரமா இருக்கையிலயே பறந்திருக்குப்பா" என்றாள். "நின்ன வண்டியில இப்படி இழுக்காது. இது துடைக்கதுக்கு முந்தி எடுத்த படம்."

லோடுக்காரர் கும்பிட்டுவிட்டுப் போனார். அவர் தலை மறைந்ததும் எனக்கு உள்ளூரப் பயம் பிடித்துக்கொண்டது. இந்தப் படத்தைக் கொடுத்தால் இவளை விட்டுவைப்பார்களா? சென்னையில் கையெழுத்துப் போட்டவன் இவளோடு படித்தவனாம், அதையும் அப்போதுதான் சொன்னாள். வாய்விட்டே கத்திவிட்டேன்.

"ஏட்டி, சொன்னாக் கேளு. அவுக கேக்க மாதிரியே எழுதிக் குடுத்துரு. அந்த நாலு பேருக்கும் நான் தச்சநல்லூர்லயே வேலை பாத்துக் குடுக்கேன், நெசமாச் சொல்லுதேன். ஒனக்கு இந்தச் சோலி போச்சுன்னா வேற எவன் குடுப்பான்?"

நான் கத்தியதற்கு அவள் கத்தவில்லை. "வேலை வாங்கிக் குடுத்திருவிய. சரி. அடுத்த பூஜைக்கு அங்கன திரும்பவும் வைப்பாவல்லா? அப்பவும் ஒருத்தரும் பாக்க மாட்டாவ. அதுல அம்மா ஏறுவா."

அவள் படத்தை அனுப்பினாள். கம்பெனிக்கும் அனுப்பினாள், கம்பெனியைக் கண்காணிக்கிற இடத்துக்கும் அனுப்பினாள். அனுப்பிவிட்டுச் சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள். சென்னையிலிருந்து திரும்பியிருந்த அவள் அம்மா, முழுக்கதையையும் கேட்டுவிட்டு, என்னைப் பார்த்து ஒரு முறை முறைத்துவிட்டு, சோற்றுத் தட்டோடு அவளை எழுப்பப் போனாள்.

லோடு ஆட்களை வேலையை விட்டு எடுக்கவில்லை. அது ஒன்றுதான் உருப்படியாக நடந்தது. இனி விமானத்துக்குப் பூஜை போடுவதாக இருந்தால் பொறுப்பான ஒருவர் மேற்பார்வையில் போட வேண்டும் என்று எல்லா ஊருக்கும் சுற்றறிக்கை வந்தது. அந்தப் பொறுப்பானவரை யார் மேற்பார்வை பார்ப்பார் என்று அதில் இல்லை. சென்னையில் யார் பார்த்தார், பார்த்தாரா இல்லையா என்று இவள் எழுதிக் கேட்டதற்கு, தக்க நடவடிக்கை எடுக்கப்பட்டது என்று ஒரு வரியில் பதில் வந்தது. யார் மேல் என்ன நடவடிக்கை? பெயர் சொல்லி வந்த நடவடிக்கை எனக்குத் தெரிந்து ஒன்றே ஒன்றுதான். தடை செய்யப்பட்ட இடத்தில் படம் எடுத்த பயணியைக் கண்டித்து வந்த கடிதம். அது என் பெயருக்கு வந்தது. படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன். சிரிக்காமல் என்ன செய்ய?

அப்புறம் மகளுக்கு இடமாற்றம் வந்தது. நிர்வாகக் காரணமாம். எங்கேயோ வடக்கே ஒரு பெரிய ஊர். அங்கே விமானத்தைத் தொடுகிற வேலை இல்லை, காகிதங்களை அடுக்கி வைக்கிற வேலை. எங்கள் ஊரில் அவள் இருந்த இடத்துக்கு வேறு ஆள் போடவில்லை. விமானத்தோடேயே ஒருத்தர் வருவார், இறங்கிப் பார்ப்பார், அதிலேயே ஏறிப் போய்விடுவார் என்று முடிவு செய்துவிட்டார்கள். வேலையை விட்டுவிடு என்றேன். "விட்டா அவுகளுக்குத்தான் சவுரியம்" என்றாள். பச்சை ஜாக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்த அன்று மட்டும் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு ரொம்ப நேரம் உள்ளேயே இருந்தாள். அழுகிற சத்தம் எங்களுக்குக் கேட்கக் கூடாதாம். கேட்டது.

புது ஊரில் வீடு பார்த்துக் கொடுக்க நானும் கூடப் போனேன். எங்கள் ஊரிலிருந்து சென்னை வரைக்கும் அதே காத்தாடி விமானம். முதல் தடவை போலவே வெயிலில் வரிசை. எனக்கு முன்னால் தோளில் பையோடு மகள் நடந்தாள். விமானத்தோடு வந்த புது ஆள் பச்சை ஜாக்கெட் போட்டு இறக்கை நிழலில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார். பார்த்து முடித்துவிட்டுப் பேசுகிறாரோ, பேசி முடித்துவிட்டுப் பார்ப்பாரோ. எனக்கென்னவோ அந்த ஆளைப் பார்த்தால் பார்க்கிற ஆளாகத் தோன்றவில்லை.

மகள் வரிசையை விட்டு விலகினாள். மூக்குப் பக்கம், அந்தத் தகட்டை நோக்கி, கழுத்தை நீட்டிக்கொண்டு போனாள். விசில் சத்தம். ஓடி வந்தவர் அதே காவலர். அவள் வேலைக்கு வரும்போதெல்லாம் வணக்கம் வைத்தவர். அவருக்கே சங்கடமாக இருந்தது.

"எம்மா, தப்பா நெனச்சுக்கிடாதிய. இப்பம் நீங்க பாசஞ்சர்லா. வரிசையில போங்க."

அவள் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பி வந்து வரிசையில் எனக்கு முன்னால் நின்றாள்.

"பாத்தியாம்மா?" என்றேன்.

"பாக்க விடலியேப்பா."

படியேறிப் போய்ப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள். கதவைச் சாத்தினார்கள். காத்தாடி சுற்றத் தொடங்கியபோது என் பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டாள்.

"எப்பா, டயர் பாத்தியளா?"

பிறந்ததிலிருந்து அவள் என்னிடம் கேட்காத கேள்வி. கேலி பண்ணுகிறாளோ என்று முகத்தைப் பார்த்தேன். பண்ணவில்லை.

"பாத்தேம்மா. நல்ல டயர்தான்."

"இரவலோ என்னமோ" என்று சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.